கெடும் நாள் நோட்டு

பால் எந்த நாளில் கெட்டது என்று எழுதிவைப்பதற்கென்றே ஒரு நோட்டுப் போட்ட மனிதர் அந்த ஊரிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் போய் ஏழு மாதமாகிவிட்டது. நோட்டு நிற்கவில்லை. அவர் விட்ட பக்கத்திலிருந்து, அவர் விட்டுப்போன அதே நீலப் பேனாவால், அவர் மனைவி எழுதிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் அவளை நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. தபால்காரருக்கும் அவள் அண்ணி. எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அவளைவிட முப்பது வயது மூத்தவர். அவருக்கும் அவள் அண்ணிதான்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள். முன் அறையில் பால் காய்ச்சும் பெரிய எவர்சில்வர் அண்டா, அதன் விளிம்பில் தொங்கும் வெப்பமானி, கோகோத் தூள் டப்பாக்கள். பின் அறையில் பாட்டில் கழுவும் தொட்டி, மூடி அழுத்தும் இயந்திரம், ஆள் உயரக் குளிர்பெட்டி. இரண்டு பெண்களும் இரண்டு அறைகளுமாகச் சேர்ந்து ஒரு நாளைக்கு முந்நூறு பாட்டில் கோகோ பால் தயாரித்தார்கள். லேபிளை எழுதியது அவர். அச்சகத்துக்காரர் எவ்வளவோ சொல்லியும் ஓர் எழுத்தை மாற்ற விடவில்லை.

'பால், கோகோ, சர்க்கரை. நிறம் சேர்க்கவில்லை. கெடாமல் இருக்க மருந்து சேர்க்கவில்லை. நாலு நாளில் குடித்துவிடவும். ஐந்தாம் நாள் எங்களைத் திட்ட வேண்டாம்.'

கடைகளில் அதற்கு 'நாலு நாள் பால்' என்றே பெயர் நின்றுவிட்டது.

நாலு நாள் என்பது வாய்க்கு வந்த கணக்கில்லை. காய்ச்சும் ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்து, தேதி ஒட்டி, குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் வைத்துவிடுவார். தினமும் காலையில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அடியில் கட்டி தெரிகிறதா, மேலே தண்ணீர் பிரிகிறதா என்று பார்ப்பார். கெட்ட அன்று திறந்து முகர்ந்து நோட்டில் எழுதுவார்.

'ஆறாம் நாள். அடியில் கட்டி. வாசனை இன்னும் வரவில்லை, ஆனால் கிளம்பிவிட்டது.'

'ஏழாம் நாள். மூடியைத் திறந்தேன். தங்கை அடுத்த அறைக்குப் போனாள்.'

'ஐந்தாம் நாள். நேற்று மின்சாரம் இல்லை. பாலின் குற்றமில்லை.'

'ஏழாம் நாள். இவள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கெட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டேன்.'

இப்படிப் பதினாலு வருடம், ஆறு நோட்டு.

ஒருமுறை பை நிறையப் பொட்டலங்களோடு ஒரு விற்பனையாள் வந்திருந்தார். "ஒரு அண்டாவுக்கு ஒரு ஸ்பூன் போதும் சார். முப்பது நாள் அசையாம நிக்கும்."

"சட்டப்படி போடலாமா?"

"இந்த அளவு வரைக்கும் தாராளமா போடலாம். பெரிய பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் போடறாங்க."

"அப்ப தப்பில்ல. ஆனா லேபிள்ல எழுதணுமே?"

"சின்ன எழுத்துல ஒரு நம்பர் போட்டா போதும் சார்."

"என் லேபிள்ல சின்ன எழுத்தே கிடையாதே," என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொல்லி, அந்த ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துக் குடிக்கவைத்து அனுப்பினார். பிறகு அண்ணியிடம் சொன்னார்: "அளவோட போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. மறுத்துப் பேச நான் யாரு? ஆனா நாம போடலன்னு எழுதிட்டோம். எழுதினதோட பேச்சு முடிஞ்சுது."

அந்த வரிக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

ஆய்வாளர் வந்தபோது அண்டாவில் பால் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய உடம்பு, சின்னக் குரல், கையில் ஒரு தகரப் பெட்டி. உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வருவதாகவும், விற்பனைக்கு வைத்திருக்கும் பாலில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்றும் அவர் சொன்னதை அண்ணி கரண்டியைச் சுழற்றியபடியே கேட்டாள். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும்.

"அவ கூட இருப்பா சார், பின் ரூம்ல எடுத்துக்குங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க, அவர் எதையாவது கேட்டுடப் போறாரு," என்றாள் நாத்தனார். அவளுக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கணவர் தூரத்து ஊரில் வேலை; அந்த ஆள் அங்கே போனதே காது கொஞ்சம் ஓய்வெடுக்கத்தான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி உரசும் சத்தமும், ஆய்வாளர் ஏதோ எண்ணுவதும் கேட்டன.

"ஒன்பது... பத்து... பதினொண்ணு..."

"சார், உங்களுக்கு எத்தனை பசங்க?"

"மூணு. பன்னெண்டு... இல்ல, பதிமூணா?"

"மூத்தது என்ன படிக்குது?"

"அம்மா, கொஞ்சம் பேசாம இருங்களேன். பதினாலு..."

பாட்டில்களை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் அண்ணி. மனிதர் இருபது வரை எண்ணவே இத்தனை பாடுபடுகிறாரே என்று பாவமாகக்கூட இருந்தது. அவர் போகும்போது ஒரு பாட்டில் நீட்டினாள். "டியூட்டில எதுவும் வாங்கிக்கிறதில்லம்மா," என்று கையைக் கூப்பிவிட்டு, அரக்கு முத்திரை வைத்த நாலு சாம்பிள்களோடு கிளம்பினார். ஆய்வகத்துக்கு ஒன்று, மீதி மூன்றும் அலுவலகப் பாதுகாப்பில் என்று ரசீதில் எழுதியிருந்தது.

அந்தப் பாட்டில்கள் வந்த அண்டாவிலும் வழக்கம்போல ஒன்று கடைசித் தட்டில் இருந்தது. ஆறாம் நாள் கெட்டது. 'ஆறாம் நாள். கட்டி. புளித்த வாசனை' என்று எழுதினாள் அண்ணி. அவரைப் போல வேடிக்கையாக எழுத அவளுக்கு இன்னும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சாம்பிளில் ஃபார்மலின் இருக்கிறது. உணவில் எந்த அளவிலும் அனுமதிக்கப்படாத பொருள். விசாரணை பதினைந்தாம் தேதி. அதுவரை தயாரிப்பு நிறுத்தம். திருப்தியான விளக்கம் தராவிட்டால் உரிமம் ரத்து.

கடிதம் கொண்டுவந்த இருவரே அறைக் கதவில் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். நாத்தனார் கெஞ்சியதில் குளிர்பெட்டியைக் காலி செய்யவும், மேசையையும் நோட்டுகளையும் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளவும் பத்து நிமிடம் கொடுத்தார்கள்.

"ஃபார்மலின்னா என்ன?" என்று மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டாள் நாத்தனார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"டாக்டர் காலேஜ்ல பிணத்தைக் கெடாம வைக்கிறது."

நாத்தனார் வீட்டுக்கு வந்து அதை அண்ணியிடம் சொன்னாள். "நம்ம பாலைக் குடிச்சவங்க எல்லாம் நூறு வருஷம் கெடாம இருப்பாங்க, விடுங்க," என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு அவளே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, கடைக்காரர்கள் ஒவ்வொருவரையும் அவரவர் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். நாலு கடைகள் பாட்டில்களைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒரு கடைக்காரர், "மத்தவங்க பால் நாலு நாள்ல திரியுது, இவங்களது மட்டும் ஏழு நாள் நிக்கும்போதே நினைச்சேன்," என்றாராம்.

அந்தப் பேச்சுத்தான் அண்ணியின் மனதில் முள்ளாகத் தைத்தது.

ஏனென்றால் ஒரு நீலக் கேன் இருந்தது. பாட்டில்களைக் கழுவி முடித்ததும், கடைசியாக ஒரு தொட்டித் தண்ணீரில் அந்தக் கேனிலிருந்து ஒரு மூடி ஊற்றி அலசுவார்கள். அவர்தான் எங்கெங்கோ வாங்கிக் கலந்து வைப்பார். கடைசியாகக் கலந்த கேன் இன்னும் பாதி இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. புருஷனிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறது, பாட்டில் அலசும் தண்ணீரைப் பற்றி யார் கேட்பார்கள்?

இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் தனியாகப் பின் அறைக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு அரை மணி நேரம் இருப்பார். "கேன் கலக்கறேன்" என்பார். கேன் கலக்கத் தாழ்ப்பாள் எதற்கு?

அவர் மேசையில் பூட்டியிருந்த ஒரே ஓர் இழுப்பறையை அவர் போன பிறகு அவள் திறக்கவில்லை. திறக்க மனம் வரவில்லை. இப்போது திறந்தாள். பழைய ரசீதுகள், உடைந்த வெப்பமானி, அதற்கெல்லாம் பின்னால் துணியில் சுற்றிய ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டி. லேபிள் இல்லை. தன் வாழ்நாளில் ஒரு தீப்பெட்டிக்குக்கூட லேபிள் ஒட்டி வைத்த மனிதர், இந்தப் புட்டிக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை.

பதினாலு வருடமாகப் பாட்டிலுக்குப் பாட்டில் ஒட்டிய அந்த வரி பொய்யா? விசாரணையில் போய் என்ன சொல்வது? எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும் என்றா? உரிமம் போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அவர் சொன்னது போனால் எதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது?

மூடியைத் திறந்தாள். வாசனை காட்டமாக இருந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கறுப்பு.

துணியை முழுக்கப் பிரித்தபோது உள்ளே ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் இருந்தது. அதன் நாரெல்லாம் கறுப்பு. கூடவே, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று.

அவள் பிரஷ்ஷைப் பார்த்தாள். கண்ணாடித் துண்டைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தில், கல்யாணத்தன்று இருந்த அதே கறுப்பில், ஒரு நரை இல்லாமல், கம்பீரமாக முறுக்கிக்கொண்டிருந்த மீசையைப் பார்த்தாள்.

"எங்க வம்சத்துக்கே மீசை நரைக்காது," என்று அவர் கல்யாண வீடுகளில் நாலு பேரை நிற்கவைத்துச் சொல்வது வழக்கம். 'நிறம் சேர்க்கவில்லை' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த மனிதர்!

ஏழு மாதத்துக்குப் பிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அழுகையும் நடுவில் எங்கோ கலந்துகொண்டது. எதில் எது எவ்வளவு என்று எந்த ஆய்வகத்திலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

சிரித்து முடித்ததும் புத்தி தெளிந்துவிட்டது. கேனில் என்ன இருந்தால் என்ன? எல்லாப் பாட்டிலையும் அதில்தான் அலசுகிறோம். பிணத்தையே கெடாமல் வைக்கிற மருந்து அதில் இருந்திருந்தால், கடைசித் தட்டில் வைத்த பாட்டில் எதற்குக் கெட்டது?

நோட்டை எடுத்தாள். ஆய்வாளர் வந்த தேதி. 'ஆறாம் நாள். கட்டி. புளித்த வாசனை.'

ஆக, பால் இந்த வீட்டை விட்டுப் போகும்போது அதில் எதுவும் இல்லை. அண்டாவுக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

பதினைந்தாம் தேதி இருவரும் பேருந்தில் கிளம்பினார்கள். ஆறு நோட்டுகளையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள் அண்ணி.

"விரல்ல என்ன அண்ணி கறுப்பா?"

"மை. அத விடு. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அன்னைக்கு அந்த ஆய்வாளர் உள்ள என்ன செஞ்சாரு? ஒண்ணு விடாம சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று நாத்தனார் பிறந்ததிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டியத் திறந்தாரு. பெட்டிக்குள்ள ஒரு துண்டு, இஸ்திரி போட்டது. அவர் வீட்டம்மா நல்ல பொறுப்பு போல. குளிர்பெட்டில இருந்து நாலஞ்சு பாட்டில் எடுத்தாரு, ஒண்ணா ஊத்திக் கலக்கினாரு. அப்புறம் அவர் கொண்டுவந்த நாலு பாட்டில்ல ஊத்தினாரு. ஒவ்வொண்ணுலயும் சொட்டு விட்டாரு. மூடினாரு. குலுக்கினாரு. அரக்கு உருக்கினாரு, அப்ப கையச் சுட்டுக்கிட்டாரு, நான்தான் தண்ணி..."

"நில்லு. என்னது விட்டாரு?"

"சொட்டு. சின்னப் புட்டில இருந்து. சோதிக்கிற மருந்துன்னு நினைச்சேன். எண்ணி எண்ணி விட்டாரு. நான் பேச்சுக் குடுத்ததுல கணக்கு விட்டுப்போய் ரெண்டு மூணு தடவ பின்னாடி போயிட்டாரு."

"அவர் எண்ணினது பாட்டில் இல்லியா?"

"நாலு பாட்டிலை எண்ண இருபது வரைக்கும் எதுக்கு அண்ணி போகணும்?"

அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள்.

விசாரணை நடந்த அறையில் ஒரு மேசை, அதன் மேல் கோப்புகளால் ஆன ஒரு சுவர், சுவருக்குப் பின்னால் தலைமை அதிகாரி. ஐம்பது வயதுப் பெண்மணி. பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பொட்டலம் இருந்தது. அவர் அதன் பின்பக்கத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஓரமாக, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா. ஃபார்மலின் எப்படி வந்துச்சு?"

அண்ணி நோட்டை நீட்டினாள். "அதே அண்டால இருந்து நாங்க ஒண்ணு வச்சிருந்தோம் மேடம். ஆறாம் நாள் கெட்டுப்போச்சு. மருந்து இருந்திருந்தா கெட்டிருக்குமா?"

அதிகாரி வாங்கிப் பார்த்தார். "இது நீங்களே எழுதின நோட்டு. இத வச்சு நான் எப்படி..." என்று சொல்லிக்கொண்டே பக்கம் புரட்டினார். அடுத்த நோட்டையும் எடுத்தார். பேச்சு நின்றுபோயிற்று. சற்று நேரத்தில் அவர் தோள் குலுங்கியது.

"யார் இந்தத் தங்கை? அடிக்கடி அடுத்த ரூமுக்குப் போறாங்களே?"

"நான்தான் மேடம்," என்று எழுந்து நின்றாள் நாத்தனார். "அந்த வாசனைக்கு நீங்களா இருந்தா ஊரை விட்டே போயிருப்பீங்க."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தார். "நல்ல நோட்டு. ஆனா சாட்சி ஆகாது. வேற ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணு கேட்கலாமா மேடம்?" அண்ணி ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "சார், அன்னைக்கு ஒரு சின்னப் புட்டில இருந்து சொட்டு விட்டீங்களாமே. அது என்ன மருந்து?"

"அதுவா? அது ஒண்ணும் இல்லம்மா," என்றார் அவர், பொறுமையாக, பள்ளிக்கூட வாத்தியார் போல. "பால் சாம்பிள் ஆய்வகத்துக்குப் போறதுக்குள்ள கெட்டுடக் கூடாதுல்ல? விதிப்படி இருபது சொட்டு விடுவோம். எல்லாப் பால் சாம்பிளுக்கும் உள்ளதுதான். ஃபார்ம..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"...லின்," என்று அதிகாரி முடித்துவைத்தார்.

"அப்ப ஆய்வகத்துக்கு அது தெரியுமே?" என்றார் பிறகு. "துறை சேர்த்ததுன்னு ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்குல்ல? அதப் பார்த்துட்டா அவங்க ஃபார்மலினுக்குச் சோதனையே பண்ணமாட்டாங்க."

ஆய்வாளர் நினைத்திருந்தால் ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம், தேடிப் பார்க்கிறேன் என்று ஒரு மாதம் கடத்தியிருக்கலாம். அப்படி எதுவும் செய்யவில்லை. பெட்டியைத் திறந்து, ஃபாரக் கட்டை எடுத்து, அந்தத் தேதியின் நகலைத் தானே தேடி மேசைமேல் வைத்தார். 'சாம்பிளில் துறை சேர்த்த பதப்பொருள்' என்ற கட்டத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரை: இல்லை.

"காலைல கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா ஃபாரத்துக்கும் மொத்தமா குத்திடுவேன் மேடம்," என்றார், இன்னும் சின்னதாகிவிட்ட குரலில். "பெரும்பாலும் எண்ணெய், மாவு, பிஸ்கட்டுதான். அதுக்கெல்லாம் சொட்டு கிடையாது. அன்னைக்குப் பட்டியல்ல இவங்க இல்ல. வழியில போர்டைப் பார்த்துட்டுப் போனேன். முத்திரை ஏற்கெனவே... என் தப்புதான்."

"எத்தனை சொட்டு விட்டீங்க?"

"இருபது."

"இருபத்தி மூணாவது இருக்கும்," என்றாள் நாத்தனார்.

"இந்தம்மா பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க மேடம்!"

"நாலு பாட்டில்லயுமா?"

"நாலுலயும்."

"அப்ப மேல்முறையீட்டுக்கு வச்சிருக்கறதும் போச்சு."

"போச்சு மேடம்."

தலைமை அதிகாரி பிஸ்கட் பொட்டலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாட்டுல கெடாத பாலைத் தேடிக் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை," என்றார். "நாமளே தயாரிக்க ஆரம்பிச்சா எப்படி?" பிறகு அண்ணியைப் பார்த்து, குரலை மாற்றிக்கொண்டு, புதிய சாம்பிள் எடுக்கப்படும், ஐஸ் பெட்டியில் நேராக ஆய்வகம் போகும், சொட்டு கிடையாது, அது தேறினால் அன்றே சீல் எடுக்கப்படும் என்று எழுதவைத்தார். நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் தயங்கினார். "இந்த ரெண்டாவது நோட்டு நான் படிச்சு முடிக்கல."

"அவர் வாயால சொல்றதவிட நோட்டுல நல்லா சொல்வாரு மேடம்," என்றாள் அண்ணி.

மறுநாள் ஆய்வாளர் ஐஸ் பெட்டியோடு வந்தார். அவர்கள் ஓர் அண்டா காய்ச்சுவதற்காக மட்டும் சீல் எடுக்கப்பட்டது. நாத்தனார் வாயில் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு எண்ண எதுவும் இல்லம்மா, பேசுங்க," என்றார் அவர். அவள் துணியை அவிழ்த்தாள். அவர் போகும்போது அவருடைய மூன்று பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பல்வலி எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு நாளில் முடிவு வந்தது. பால், கோகோ, சர்க்கரை. வேறு எதுவும் இல்லை. ஆய்வகத்துக்காரர்கள் அவர் லேபிளைப் பார்த்து எழுதியது போலவே எழுதியிருந்தார்கள். துறையிலிருந்து கடைகளுக்கும் ஒரு கடிதம் போயிற்று. 'ஏழு நாள் நிக்கும்போதே நினைச்சேன்' என்ற கடைக்காரர் முதல் ஆளாக வந்து இரண்டு தட்டு கேட்டார். "ஐந்தாம் நாள் எங்களைத் திட்டக் கூடாது, நாலாம் நாளே திட்டினவரே," என்றாள் நாத்தனார். நீலக் கேனையும் அண்ணி விடவில்லை. எதுவென்று தெரியாத ஒன்றை இனிமேல் பாட்டிலில் ஊற்றுவதில்லை என்று, ரசீதுகளைத் தேடி எடுத்து, அது துணி வெளுக்கப் போடும் சாதாரண பிளீச்சிங் மருந்துதான் என்று உறுதி செய்துகொண்டு, கேன் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

ஒட்டிய கையோடு இழுப்பறையைத் திறந்து, பழுப்புப் புட்டியையும் எடுத்து வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு? உங்க அண்ணனோட வம்சப் பெருமை."

நாத்தனார் பார்த்தாள். திடுக்கிடுவாள் என்று எதிர்பார்த்த அண்ணிக்கு ஏமாற்றம்.

"பத்து வருஷமா மாசம் ஒண்ணு வாங்கிக் குடுத்ததே நான்தானே அண்ணி," என்றாள். "உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க அந்த மீசையப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கிட்டீங்கன்னு யாரோ சொன்னாங்களாம்."

"யார் சொன்னது?"

"நான்தான்."

இவளும் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறாளே, அதுவும் பத்து வருடம் என்று அண்ணிக்கு நாத்தனார் மேல் புது மரியாதையே வந்துவிட்டது. ஒரு வெற்று லேபிளை எடுத்தாள். நீலப் பேனாவால், சின்ன எழுத்தே இல்லாமல், 'நிறம் சேர்க்கப்பட்டது' என்று எழுதிப் புட்டியில் ஒட்டி, அவர் படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தாள்.

ஆய்வாளர் இப்போதும் அந்தத் தெரு வழியாக வந்தால் வாசலில் நின்று ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பழைய சாம்பிள்களில் ஒன்றை அலுவலகத்தில் அவர் மேசைமேல், ஃபாரக் கட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாராம். "இன்னைக்கு அறுபத்தி ரெண்டாவது நாள்ம்மா. வெளியிலதான் வச்சிருக்கேன். புதுசு மாதிரியே இருக்கு. பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கு."

அண்ணி அதையும் எழுதிக்கொண்டாள்.

'ஆய்வாளர் பாட்டில். அறுபத்திரண்டாம் நாள். இன்னும் கெடவில்லை. பாலின் குற்றமில்லை.'

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பரவாயில்லை, வர ஆரம்பித்துவிட்டது என்று தோன்றியது. அதற்குள் முன் அறையில் பால் ஏறும் சத்தம் கேட்டது. நோட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கரண்டியைப் பிடிக்க ஓடினாள்.